கண்டியூரில் பஸ் ஏறியவன்

(சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் மலருக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீ மாரத்தான் எல்லாம் ஓடுறியாமே, மாணவர்களுக்கு விடாமுயற்சி பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்றார். விடாமுயற்சி பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். மூன்று அரியர் வைத்து நாலாவது தரம் கணக்குப் பேப்பரைத் தாண்டிய நண்பர் ஒருவர் முதல் வரிசையிலேயே சிரித்துக்கொண்டிருக்கிறார். அதனால் நான் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி கேட்டேன். ஓட்டத்தை எப்போது பாதியில் நிறுத்துவது என்பதைப் பற்றி. "அது என்னப்பா தலைப்பு!" என்று கொஞ்சம் தயங்கித்தான் சரி என்றார்.

படிக்கிற காலத்தில் நான் ஓடியதே கிடையாது. மெஸ் மணி அடித்தால் மட்டும் ஓடுவேன். முப்பது வயது தாண்டி, உட்கார்ந்தே செய்கிற வேலையில் தொப்பை விழுந்து, டாக்டர் சர்க்கரை அளவைக் காட்டிப் பயமுறுத்திய பிறகுதான் ஷூ வாங்கினேன். முதலில் 3 கி.மீ. பிறகு 10. அப்புறம் இந்தப் பைத்தியம் முற்றி, ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். மாரத்தான் என்றால் 42.195 கி.மீ. அதற்கான பயிற்சியில் வாரம் ஒரு நாள் நீண்ட ஓட்டம் உண்டு. 20, 24, 28 என்று ஏறி 30, 32 வரை போகும். மற்ற நாளெல்லாம் சாதாரணம். இந்த ஒரு நாள்தான் ஆளைச் சோதிக்கும்.

எனக்குச் சொந்த ஊர் திருவையாறு, வேலை சென்னையில். ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டத்துக்கு நாள். அதற்கென்று ஒரு பாதை வைத்திருந்தேன். இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்த் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். சித்திரையில் எங்கள் ஊரில் ஏழூர்த் திருவிழா, சப்தஸ்தானம் என்பார்கள். ஐயாறப்பர் பல்லக்கு திருவையாற்றில் புறப்பட்டுத் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் எல்லாம் சுற்றி மறுநாள் ஊர் திரும்பும். பல்லக்குத் தூக்கிகளே நடக்கிற பாதையை வெறுங்கையோடு ஓட முடியாதா என்ற எண்ணம்தான். கும்பகோணம் சாலையில் கிழக்கே கொஞ்சம் நீட்டி ஓடிவிட்டுத் திருப்பழனத்துக்குத் திரும்பி, அங்கிருந்து ஏழூரையும் சுற்றி வந்தால் எனக்கு 30 தேறும். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல். இப்படி ஒரு பாதை யாருக்குக் கிடைக்கும்?

2022 புரட்டாசியில் ஒரு ஞாயிறு. புரட்டாசி வெயிலைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியும்: பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். முதல் நாள் இரவு சென்னையிலிருந்து வந்த பஸ் வழியில் பழுதாகி நின்று, வீடு வந்து சேரும்போது காலை ஐந்தரை. கண் மூடவில்லை. நாலரைக்கே கிளம்ப வேண்டியவன் ஆறே காலுக்குக் கிளம்பினேன். "இன்னிக்கு வேணாமே" என்று அம்மா சொன்னார்கள். அட்டவணையில் 30 என்று எழுதியிருக்கிறதே! நம்ம படிப்பு அப்படி. தாளில் எழுதியதை முடித்தாக வேண்டும்.

திருவேதிகுடி தாண்டும்வரை பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒரு விநோதம் நடந்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எனக்குக் கை மயிர் சிலிர்க்கிறது. குளிர்கிற மாதிரி இருந்தது. "பரவாயில்லையே, காற்று வருது" என்று நினைத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் வேடிக்கை. கண்டியூர் வந்தபோது கைக்கடிகாரம் 21 கி.மீ. காட்டியது. மணி எட்டே முக்கால். கண்டியூர் உங்களுக்குத் தெரியும், தஞ்சாவூர்–திருவையாறு சாலை. அங்கே பஸ்ஸுக்கு நின்றால் காவிரிப் பாலம் தாண்டி ஊர் வந்துவிடும், கூப்பிடு தூரம். அப்போது மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். 30இல் 21 போனால் மிச்சம் எவ்வளவு? வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பொறியியல் பட்டதாரிக்கு அந்தக் கழித்தல் வரவில்லை. ஏழு என்று தோன்றியது, பிறகு பதினொன்று என்று தோன்றியது. "சரி, எவ்வளவா இருந்தா என்ன" என்று பூந்துருத்திப் பக்கம் திரும்பிவிட்டேன்.

அதற்கு மேல் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். சாலையோரம் நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரியம்மா நிமிர்ந்து, "ஏந் தம்பி, இந்த வெயில்ல யாரத் தொரத்துற?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நான் ஏதோ பதில் சொன்னேனாம். சொன்னது யாருக்கும் புரியவில்லையாம். அப்புறம் கோணல்மாணலாக நாலடி நடந்து வரப்பில் சாய்ந்துவிட்டேன்.

அந்த நடவாட்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் நேராக வாய்க்காலில் படுக்கவைத்தார்கள். தலை மட்டும் மேலே. ஒருவர் மடியில் தலை, மற்றவர்கள் சொம்பு சொம்பாய் நெஞ்சில் ஊற்றியிருக்கிறார்கள். கால் மணிக்கு மேல் அப்படியே வைத்திருந்து, பிறகுதான் வண்டி பிடித்தார்கள். மருத்துவமனையில் டாக்டர் அதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதல்ல உடம்பக் குளிர வைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். பாதிப் பேரு இத மாத்திச் செய்யறாங்க. அந்த அம்மாமார்களுக்குப் போய்க் கும்பிடு போட்டுட்டு வாங்க." உடம்பின் உள்சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டி மூளை குழம்புவதுதான் வெப்பத்தாக்கு. உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும், நிமிஷக் கணக்குதான். எனக்குத் தசை சிதைந்து, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. சிறுநீரகம் தேறுமா என்று மூன்று நாள் பார்த்தார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தேறியது. இல்லையென்றால் இந்த மேடையில் நான் இல்லை, என் படத்துக்கு நீங்கள் ஒரு நிமிஷம் எழுந்து நின்றிருப்பீர்கள்.

படுத்திருந்தபோது யோசிக்க நேரம் நிறையக் கிடைத்தது. நான் மின்சாரம் படித்தவன், மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவன். இதே தவற்றை ஒரு மோட்டாருக்கு யாராவது செய்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

நம் பகுதியில் பம்புசெட் இல்லாத ஊர் ஏது? வோல்டேஜ் குறையும், பாரம் அதேதான், மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், சுருள் சூடாகும். ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலேக்குள் இரட்டை உலோகப் பட்டை உண்டு. அது சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். நம்ம ஆள் என்ன செய்வார்? "சும்மா சும்மா ட்ரிப் ஆகுதுப்பா" என்று ரிலேயை ஒதுக்கிவிட்டு நேரே ஒயரைக் கொடுத்துவிடுவார். அன்றைக்குத் தண்ணி பாயும். அடுத்த வாரம் காயில் கருகிய வாசனை. ரீவைண்டிங் கடைக்காரருக்கு நாலு நாள் பிழைப்பு. வயலுக்கு நாலு நாள் காய்ச்சல். காப்பு உறையின் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கையில் சிலிர்ப்பு, தலையில் குழப்பம், இதெல்லாம் என் ரிலே ட்ரிப் ஆனது. நான் ஒயரை நேரே கொடுத்துவிட்டேன்.

மோட்டாராவது நூற்றுக்கு 85, 90 வேலையாகத் தரும். நம் தசை அதிகபட்சம் 25 தரும், மிச்சமெல்லாம் சூடு. 65 கிலோ ஆள் மணிக்கு 10 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 650 கிலோ கலோரி செலவு. அதில் 500 போல வெறும் சூடு. ஒரு லிட்டர் வியர்வை முழுசாக ஆவியானால் 580 போல எடுத்துக்கொண்டு போகும். கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? இருக்கிறது, ஆவியானால்! சுற்றிலும் நீர் நிற்கிற வயல், பக்கத்தில் ஆறு, காற்று அசையவில்லை. வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சொட்டுகிற வியர்வை ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை, சட்டைதான் நனையும். அழகான பாதை என்று சொன்னேனே, அந்த அழகுதான் என்னைச் சாய்த்தது.

இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான். ஜூலை 14, அந்த ஊருக்குக் கொடும் வெயில். ஓடியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயில் படாமலிருக்க உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு ஓடினார் என்பார்கள். வியர்வைக்கு வழியடைத்தால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும். வழியில் விழுந்தார்; மறுநாள் இறந்தார். அதே பந்தயத்தில் ஜப்பானின் ஷிசோ கனகுரி என்ற இளைஞர். கப்பலிலும் ரயிலிலும் வாரக்கணக்கில் பயணம் செய்து வந்தவர். வெயில் தாங்காமல், வழியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இருந்தவர்கள் தந்ததைக் குடித்துவிட்டு, ஓட்டத்தை விட்டுவிட்டார். வெட்கத்தில் அமைப்பாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊர் திரும்பிவிட்டார். ஸ்வீடன்காரர்கள் கணக்கில் ஆளைக் காணோம்! இந்த மனிதர் பிறகு இரண்டு ஒலிம்பிக்கில் ஓடினார். 1920இல் தொடங்கிய ஹகோனே தொடரோட்டத்துக்கு வித்திட்டார். ஜப்பானிய மாரத்தானின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். 1967இல் ஸ்வீடன்காரர்கள் அழைத்து எல்லைக்கோட்டைத் தாண்டவைத்தார்கள். நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், சொச்ச விநாடி. நம்மில் அரியர் வைத்தவர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

பவுலா ராட்கிளிஃபை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் லண்டனில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தவர். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 36 கி.மீ. தாண்டி நின்றுவிட்டு, சாலையோரம் உட்கார்ந்து அழுதார். சொந்த நாட்டுப் பத்திரிகைகளே கேலி செய்தன. அதே 2004 நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் சில விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2005இல் உலகச் சாம்பியன். ஏதென்ஸில் மிச்சம் ஆறு கிலோமீட்டரை இழுத்துக்கொண்டு போயிருந்தால் நியூயார்க் இருந்திருக்குமா, தெரியாது. ஆனால் அவர் இடத்தில் நானாக இருந்தால், கேலிக்குப் பயந்தே போயிருப்பேன்.

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் பாக் நீரிணையை இக்கரைக்கும் அக்கரைக்குமாக 51 மணி நேரத்தில் நீந்தியவர். கின்னஸில் பல சாதனைகள். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அப்படிப்பட்ட உறுதி கொண்டவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்று மட்டும் தோன்றுகிறது. அந்தக் கால்வாயில் கூடவே படகு வரும். நீந்துகிறவர் வேண்டாம் என்றாலும் அவரை மேலே ஏற்றும் அதிகாரம் படகோட்டிக்கு உண்டு. இது நல்ல ஏற்பாடு. ஏனென்றால் நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டிய மூளையும் அதே சூட்டில்தானே வெந்துகொண்டிருக்கிறது?

எங்கள் ஊர்க் கதையே இதற்கு இருக்கிறது. அப்பர் பெருமான் காளத்தியிலிருந்து காசி தாண்டிக் கயிலைக்கு நடந்தார் என்று சேக்கிழார் சொல்கிறார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார், புரண்டார், கடைசியில் அசைய முடியாமல் கிடந்தார். முனிவர் வடிவில் இறைவனே வந்து, இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பிப் போ என்கிறார். கேட்டாரா? கேட்கவில்லை! அப்புறம் குளத்தில் மூழ்கச் சொல்லி, திருவையாற்றுக் குளத்தில் எழவைத்து, அங்கேயே கயிலைக் காட்சி கொடுத்ததாகக் கதை. ஆடி அமாவாசைக்கு இன்றும் அந்த விழா நடக்கிறது. அவர் மடம் வைத்திருந்த ஊர்தான் பூந்துருத்தி, நான் விழுந்த பக்கம். இதைக் கேட்டுவிட்டு என் மாமா சொன்னார்: "அவருக்குக் குளம், உனக்கு வாய்க்கால். அவரவர் பக்குவத்துக்கு ஏத்த மாதிரிதான் கெடைக்கும்."

சரி, எப்போதுதான் நிறுத்துவது? தம்பிகளுக்கு இதுதான் வேண்டும், எனக்குத் தெரிகிறது. முதலில், எதற்கு நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாளையிலிருந்து எல்லோரும் என் பேரைச் சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வீர்கள். முதல் ஐந்து கிலோமீட்டர் கால் கனக்கும். அது ஒன்றுமில்லை. இரண்டு தொடையும் ஒரே மாதிரி வலித்தால் பரவாயில்லை. போரடிப்பது காரணமே அல்ல. இந்த மாதிரி நேரத்தில் பத்து நிமிஷம் நடந்து பார்ப்பேன். பாதித் தரம் சரியாகிவிடும்.

ஆனால் வலி ஓர் இடத்தில், ஒரு விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி எலும்பில் இருந்தால், அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஓடுகிற நடை மாறி நொண்ட ஆரம்பித்தாலும் அப்படித்தான். எலும்பில் விழுகிற மயிரிழை விரிசலை அன்றைக்கே விட்டால் சில வாரம். இழுத்துக்கொண்டே ஓடினால் பல மாதம். நெஞ்சு வலி, கண் இருட்டல் வந்தால் யோசிக்கவே வேண்டாம். காய்ச்சல் இருந்தால் கிளம்பவே கூடாது. இதயத் தசையில் வீக்கம் வர வாய்ப்புண்டு. வெயிலில் குளிரெடுத்தால், வேகம் குறைந்தும் நாடி ஏறிக்கொண்டே போனால், கணக்கு வராவிட்டால், நின்று நிழல் தேடுங்கள்.

"நிறையத் தண்ணி குடிச்சா சரியாயிடுமே அண்ணே" என்று ஒரு தம்பி வரும்போதே கேட்டார். ஆகாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேர் ரத்தத்தைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 13 பேருக்கு உப்புச் சத்து குறைந்திருந்தது. அதற்கு முக்கியக் காரணம் அளவுக்கு மீறிக் குடித்ததுதான். தாகத்துக்குக் குடியுங்கள். உப்புப் போட்ட நீராகாரம் நம்ம வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 2023 புரட்டாசி. அதே பாதை. இந்தத் தரம் நாலரைக்கே கிளம்பினேன், நன்றாகத் தூங்கியிருந்தேன். ஒவ்வோர் ஊரிலும் மனைவிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர்தான் என் படகோட்டி. கண்டியூரில் 21. உடம்பு சுமார்தான், ஆனால் ஓட முடியும் என்று தோன்றியது. போன் போட்டேன். "ஏங்க, பதினேழு எட்டு எவ்வளவு?" என்றார். யோசித்தேன். "நூத்தி... நூத்தி இருபத்தாறு." மறுபக்கம் ஒரு நொடி மௌனம். "பஸ் ஏறுங்க."

ஏறினேன். அதுதான் நான் ஓடியதிலேயே கஷ்டமான கட்டம். அரைக்கால் சட்டையும், வியர்வை சொட்டும் பனியனுமாக, கோயிலுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே நின்றேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், பாதியிலேயே இறங்கிட்டீங்களா?" என்றார். ஏறியிருக்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது. வீட்டுக்குப் போய், அட்டவணையில் 30க்கு நேரே 21 என்று எழுதினேன். கை கூசியது. பேனாவை வைத்துவிட்டு இரண்டு அசோகா சாப்பிட்டேன்.

அந்த 9 கி.மீ. போனதால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. அடுத்த வாரமே ஓடினேன். 2024 ஜனவரியில் சென்னையில் மாரத்தானை முடித்தேன், 4 மணி 52 நிமிடத்தில். என்னைத் தாண்டிப் போனவர்களில் ஒரு தாத்தாவும் உண்டு. அதைப் பற்றி இன்னொரு சந்திப்பில் பேசுகிறேன்.

நாளை ஞாயிறு. காலை நாலரைக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் இருப்பேன். வர விருப்பமுள்ளவர்கள் வரலாம். 30 வரை ஓட வேண்டியதில்லை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. ஷூ, ஒரு பாட்டில் தண்ணீர், பஸ்ஸுக்குச் சில்லறை மூன்றும் அவசியம்.

பின்குறிப்பு: மறுநாள் பதினொரு பேர் வந்தார்கள். நால்வர் ஏழூரும் சுற்றினார்கள். மூவர் கண்டியூரில் பஸ் ஏறினோம்.